நீர்த்தெள்ளைத் தேட ஏரி நடுவுக்குப் போக வேண்டாம்

மழை ஓய்ந்து பத்து நாள் ஆன ஏரியில் வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவால் தண்ணீர் மொண்டு, வெளிச்சத்தில் வைத்து இரண்டு நிமிடம் அசையாமல் பாருங்கள். ரவை அளவில், வெளுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ, விட்டுவிட்டுத் துள்ளும் புள்ளிகள் தெரியும். அவற்றில் கணிசமானவை நீர்த்தெள்ளுகள். அலங்கார மீன் வளர்ப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மொய்னா என்பார்கள், சிலர் டாப்னியா என்பார்கள். உண்மையில் இவை இரண்டும் தெள்ளில் தனித்தனி வகைகள். தெள்ளு என்று பேர் இருந்தாலும் கடிக்காது, பூச்சியும் அல்ல. இறால், நண்டு வகையறா.

2008இல் வெளியான உலகக் கணக்கில் இவற்றில் ஏறக்குறைய 620 சிற்றினங்கள் இருந்தன. பிரிக்க வேண்டியவை இன்னும் நிறைய இருப்பதால் உண்மையான எண்ணிக்கை அதைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு வரை போகலாம் என்று அந்தக் கணக்கைப் போட்டவர்களே சொன்னார்கள். இந்தியாவில் மட்டும் நூற்றுக்கு மேல் உண்டு. ஆனால் நம் பக்கத்து ஏரிகளைப் பற்றிக் கல்லூரி மாணவர்கள் எழுதும் புராஜெக்ட் அறிக்கைகளைப் புரட்டினால் பட்டியல் ஆறு, ஏழு பெயரோடு நின்றுவிடும். ஏரியில் உயிர் குறைந்துபோனதுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் வலை போட்ட இடம்தான் தப்பு.

படகில் ஏரி நடுவுக்குப் போய் வலையை இழுத்துவிட்டுத் திரும்புவது குளிர்நாட்டு ஏரிகளுக்கு ஏற்ற முறை. அங்கே திறந்த நீரில் டாப்னியாவே ராஜா, அளவிலும் பெரியது. வெப்பநாட்டு ஏரியின் நடுத்தண்ணீரில் ஒரு நேரத்தில் மூன்று முதல் ஐந்து வகை கிடைத்தால் அதுவே அதிகம். மீதி எல்லாம் கரையோரம் இருக்கின்றன: வேலம்பாசிக்குள், அல்லித்தண்டில், கோரை வேரில், சேற்றின் மேல்தோலில். சைடோரிட் என்ற தெள்ளுக் குடும்பம் ஒன்றே நம் ஊர்ப் பட்டியலில் பாதியை அடைத்துக்கொள்ளும். அவற்றில் பல கால் மில்லிமீட்டர்தான்.

நடுத்தண்ணீரில் டாப்னியா ஏன் குறைவு என்பதற்கு முதல் காரணம் மீன். குளிர்நாட்டில் மீன்குஞ்சு வருடத்தில் ஒரு பருவத்தில்தான் பெருகும். இங்கே ஏதாவது ஒரு மீன் எப்போதும் குஞ்சு பொரித்துக்கொண்டே இருக்கிறது. ஜிலேபிக் கெண்டை நுழைந்த ஏரி, கட்லா விட்ட ஏரி, கொசுவுக்காகக் கம்பூசியா விட்ட குளம் எதிலும் கண்ணுக்குத் தெரிகிற அளவு தெள்ளு முதலில் காலியாகும். மீன் பார்த்துத்தான் பிடிக்கிறது என்பதால் பெரிய உடலும் பெரிய கண்ணும் ஆபத்து. அடுத்த காரணம் சூடு. 30 டிகிரித் தண்ணீரில் பெரிய உடம்பு மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் செலவிடுவது அதிகம். நீலப்பச்சைப்பாசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடையில் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் ஆகும் குளத்தில் அந்தப் பாசியின் இழைகள் டாப்னியாவின் வடிகட்டும் கால்களில் சிக்கிக்கொள்ளும். சிக்கியதைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டே அது பட்டினி கிடக்கும். சின்ன உடம்புள்ள மொய்னா மைக்ரூரா, டயாபனோசோமா, செரியோடாப்னியா கார்னூட்டா மூன்றுக்கும் இந்தத் தொல்லை குறைவு. அதனால்தான் தமிழ்நாட்டில் எந்த ஏரியில் வலை போட்டாலும் இந்த மூன்றுமே திரும்பத் திரும்ப வருகின்றன.

செரியோடாப்னியா கார்னூட்டாவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அரை மில்லிமீட்டரைத் தொடாத உருண்டை உடம்பு, கிளி மூக்கு போலக் கூரான முகம். ஒரே குளத்தில் கொம்புள்ளதும் கொம்பில்லாததுமாக இரண்டு உருவம் வரும். பனாமாவின் காட்டுன் ஏரியில் சாரெட் என்ற ஆய்வாளர் இதை ஆராய்ந்து 1972இல் எழுதினார். கொம்பில்லாததற்குக் கண் பெரியது, குட்டியும் அதிகம் போடும், ஆனால் மீன் அதைத்தான் தேடித் தின்கிறது. கண்தானா காரணம் என்று பார்க்க, தெள்ளுக்குக் கறுப்பு மையை ஊட்டி உடலில் கரும்புள்ளி தெரியும்படி செய்தார். மை தின்றவற்றை மீன் கூடுதலாகப் பிடித்தது. ஆகவே இந்த வகை கிடைத்தால் பேரோடு நிறுத்தாமல் கொம்புள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை என்று தனித்தனியாக எண்ணி எழுதுங்கள். அந்த ஏரியில் மீன் எப்படி மேய்கிறது என்பதற்கு அது ஒரு தடயம்.

டாப்னியா நம் பக்கம் அறவே இல்லை என்று சொல்ல வரவில்லை. டாப்னியா லம்ஹோல்ட்சி என்று ஒன்று ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா வெப்பப்பகுதி முழுக்கப் பரவியது. தலையில் ஈட்டி போல நீண்ட கவசம், பின்னால் உடலளவுக்கு நீண்ட வால்முள். குஞ்சு மீன் வாயில் போட்டால் குத்தும். மீன் உள்ள ஏரியிலேயே அது தாக்குப்பிடிப்பது இதனால்தான். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் நீர்த்தேக்கங்களில் தென்பட்டு, அங்கிருந்து மற்ற மாநிலங்களுக்கும் ஏறிவிட்டது. இன்னொன்று டாப்னியா கேரினேட்டா கூட்டம். இது பெரியது, நன்கு வளர்ந்தது 3 மில்லிமீட்டரையும் தாண்டும். மீன் இல்லாத மழைக்குட்டை, செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம் இவைதான் அதன் வீடு. மார்கழி, தை மாதக் குளிர்ச்சியில் தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம். சித்திரையில் தேடிவிட்டு இல்லை என்று எழுதுவதில் அர்த்தமில்லை.

நம் புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் நீர்நிலைகள் ஒன்றுபோல் இல்லை. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வரும். ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர். இரண்டுமே பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பி நிறைபவை, கோடையில் வெகுவாகச் சுருங்குபவை. வீராணத்துக்குக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரி, கொள்ளிடத் தண்ணீர் வருவதால் அதன் நாட்காட்டியே வேறு. உள்ளூரில் ஒரு சொட்டு மழை இல்லாமலே நிறையும். வாலாஜா ஏரிக்கு நெய்வேலி சுரங்கத் தண்ணீர் வந்து சேர்கிறது. மழையில் நிறைந்து கோடையில் காயும் ஏரியில், சேற்றில் தங்கியிருக்கும் உறங்கு முட்டையிலிருந்து ஒவ்வொரு வருடமும் புதுக் கூட்டம் புறப்படும். வற்றாத ஏரியில் மீன் நிரந்தரம் என்பதால் சின்ன வகைகளே நிலைக்கும். ஆகவே இவற்றை ஒரே மாதத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். ஏரி நிறைந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதைக் குறித்துக்கொண்டு ஒப்பிட வேண்டும்.

புதுத்தண்ணீர் வந்த ஏரியில் வரிசை ஓரளவு இப்படி இருக்கும்: முதலில் கண்ணுக்கே தெரியாத சக்கர உயிரிகள். ஒரு வாரத்துக்குள் மொய்னா. அதன்பின் செரியோடாப்னியாவும் டயாபனோசோமாவும். பாசியும் அல்லியும் தழைக்கத் தழைக்க, இரண்டு மூன்று மாதத்தில் சைடோரிட்கள், மேக்ரோத்ரிக்ஸ், சைமோசெபாலஸ். சிற்றினங்களின் எண்ணிக்கை உச்சத்தைத் தொடுவது தை, மாசி வாக்கில், நீர் தெளிந்து செடி நிறைந்த கட்டத்தில். மழை கொட்டும் கார்த்திகையில் கலங்கல் வழிந்தோடும்போது எடுத்தால் வெறும் சேறும் மொய்னாவும்தான்.

உப்பு ஒரு எல்லை. கடலூர் உப்பனாறு, பிச்சாவரம் பக்கம் போனால் மேலே சொன்ன நன்னீர் வகைகள் அடியோடு மறைந்துவிடும். கடலோரத்தில் பெனிலியா, எவாட்னே என்று கடலுக்கே உரிய சில வகைகள் மட்டும் உண்டு. புதுச்சேரிக் கரையோரக் கிராமங்களில் கடல்நீர் ஏறிய குளம் என்றால் முதலில் உப்புமானியை வைத்துவிட்டு வலையை எடுங்கள்.

இனி எடுக்கும் முறை. வலைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர்கள் வாங்கும் நைலான் துணி போதும். 77 என்ற எண் உள்ள துணியில், நூலின் தடிமனைப் பொறுத்து, கண் 65 முதல் 80 மைக்ரான் வரை இருக்கும். அலங்கார மீன் கடையில் கிடைக்கும் கைவலையில் எடுத்துவிட்டு, இந்த ஏரியில் சைடோரிட் இல்லை என்று எழுதுவது சல்லடையில் மாவைச் சலித்துவிட்டு மாவே இல்லை என்பது போல. வலை வாய் 25 சென்டிமீட்டர் விட்டம் என்றால் 10 மீட்டர் இழுக்கும்போது கணக்குப்படி சுமார் 490 லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். பாசி நிறைந்த பச்சைத் தண்ணீரில் போகாது. கண் அடைத்துக்கொண்டு தண்ணீர் வாயிலேயே திரும்பிவிடும். அப்போது லிட்டருக்கு இத்தனை என்று நீங்கள் போடும் எண் உள்ளதைவிடக் குறைவாக வரும். எண்ணிக்கை தேவை என்றால் 10 லிட்டர் வாளியால் ஐந்து அல்லது பத்து முறை மொண்டு வலையில் ஊற்றுவதே நம்பகமானது. நேரமும் முக்கியம். பகல் ஏறினால் பல வகைகள் அடித்தண்ணீருக்கும் செடி நிழலுக்கும் இறங்கிவிடும். விடியற்காலை எடுங்கள், பகலில் எடுத்தால் நேரத்தையாவது எழுதி வையுங்கள்.

கரையோரத்துக்கு வேறு வழி. வேலம்பாசியையோ மற்ற செடியையோ 200 கிராம் அளவு தண்ணீருக்குள்ளேயே பையால் மூடி வெட்டி எடுக்கவும். வெளியே இழுத்தால் பாதி வழியிலேயே ஒழுகிப்போகும். வாளியில் வடிகட்டிய ஏரித்தண்ணீர் விட்டு, செடியை அதில் நன்றாக உலுக்கி அலசி, முதலில் சமையலறைச் சல்லடையில் இலைதழையை நீக்கி, பிறகு நைலான் துணியில் வடிக்கவும். எண்ணிக்கையை 100 கிராம் ஈரச்செடிக்கு இத்தனை என்று எழுதலாம். ஆகாயத்தாமரையின் வேரை விட்டுவிடாதீர்கள், நல்ல வேட்டை அதில்தான். நெய்வேலிக் காட்டாமணக்குத் தண்டில் ஒப்பிட்டால் ஒன்றும் இருக்காது. மென்மையான, கிளைத்த செடிதான் இவற்றுக்குப் பிடிக்கும்.

சேற்றில் வாழ்பவற்றுக்குப் புனல் பொறி. 10 சென்டிமீட்டர் வாய் உள்ள பிளாஸ்டிக் புனலைக் குப்புறக் கவிழ்த்து, அதன் குழாய் முனை வடிகட்டிய தண்ணீர் நிரம்பிய அரை லிட்டர் பாட்டிலுக்குள் போகும்படி பொருத்தி, கம்பியில் கட்டி, சேற்றுக்கு ஒரு சாண் மேலே, முழுக்கத் தண்ணீருக்குள் மாலையில் இறக்குங்கள். இரவில் சேற்றிலிருந்து மேலே நீந்துபவை புனலுக்குள் ஏறி மாட்டும். காலையில் எடுக்கவும். பாட்டிலுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் தெள்ளுகள் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு எண்ணவே வராது. இவற்றின் ஓட்டில் நீர் ஒட்டாது என்பதால் காற்றைத் தொட்டவுடன் மிதக்க ஆரம்பித்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் உயிரோடு பார்த்துவிடுங்கள். பாதி அடையாளம் நடையிலேயே தெரியும். டயாபனோசோமா ஒரே தாவலில் வெகுதூரம் போய் அப்படியே அசையாமல் நிற்கும். மொய்னா உருண்டு உருண்டு போகும். சைடோரஸ் கடுகு உருள்வது போல விடாமல் சுழலும். சைமோசெபாலஸ் மல்லாந்து செடியில் ஒட்டிக் கிடக்கும். ஸ்கேஃபோலெபெரிஸ் வயிற்றைத் தண்ணீரின் மேல்தோலில் ஒட்டித் தலைகீழாகத் தொங்கும். அதன் வயிற்று விளிம்பு கறுப்பு, நேர்க்கோடு போலத் தட்டை. கூரையில் பல்லி போவதுபோல நீர்ப்பரப்பின் அடியில் போகும். இலியோகிரிப்டஸ் நீந்தவே விரும்பாது, சேற்றில் ஊரும். நுண்ணோக்கியில் வைத்தால் முதுகில் வளையம் வளையமாக வரிகள் தெரியும். தோலுரிக்கும்போது பழைய ஓட்டைக் கழற்றாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமந்துகொண்டே திரிவதால் வந்த வரிகள் அவை. சேறு அப்பிய உடம்பு என்பதால் குப்பை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

தெள்ளு அல்லாதவையும் வலையில் வரும். பேரிக்காய் போன்ற உடலும் பின்னால் இரண்டு முட்டைப்பையும் இருந்தால் அது சைக்ளோப்ஸ். பயறு போல இரண்டு ஓட்டுக்குள் தலை உட்பட எல்லாம் மறைந்திருந்தால் ஆஸ்ட்ரகோடு. தெள்ளுக்குத் தலை ஓட்டுக்கு வெளியே இருக்கும், ஒற்றைக் கறுப்புக் கண் பளிச்சென்று தெரியும். நரம்புச் சிலந்தி (கினிப்புழு) நோயைப் பரப்பியது நீர்த்தெள்ளு என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். அது சைக்ளோப்ஸின் வேலை. அந்த நோய் ஒழிந்த நாடு என்று இந்தியா 2000இல் சான்று பெற்றுவிட்டது, ஆனால் பழி மட்டும் தெள்ளின் மேல் நிற்கிறது.

பதப்படுத்துவதில்தான் அதிகம் கெடுகிறது. உயிரோடு இருப்பதை நேராக ஃபார்மலினில் போட்டால் துடித்து, ஓடு பலூன் போல ஊதி, முட்டைப்பை திறந்து முட்டையெல்லாம் சிதறும். பிறகு எந்தத் தாய்க்கு எத்தனை முட்டை என்றே தெரியாது. முதலில் மயக்க வேண்டும். மாதிரியில் மூன்றில் ஒரு பங்கு சாதா கோலி சோடாவை மெதுவாக ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள், அசைவு அடங்கும். பன்னீர் சோடா வேண்டாம். அடங்கியதும் வடிகட்டி, குளிர்ந்த சர்க்கரை ஃபார்மலினுக்கு மாற்றவும். கடையில் வாங்கும் ஃபார்மலின் 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு. அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் சுமார் 4 சதவீதம். அதில் லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள். மரபணு ஆய்வுக்கு வேண்டுமானால் ஒரு பகுதியை 95 சதவீத எத்தனாலில் தனியாக வையுங்கள். ஃபார்மலினில் வைத்ததிலிருந்து மரபணு எடுப்பது பெரும்பாடு.

எண்ணுவதற்கு ஒரு மில்லி பிடிக்கும் செட்ஜ்விக் ராஃப்டர் தட்டு. 100 லிட்டர் வடித்து, 50 மில்லியாகச் சுருக்கி, ஒரு மில்லியில் 24 இருந்தால், 24ஐ 50ஆல் பெருக்கி 100ஆல் வகுக்க, லிட்டருக்கு 12. குறைந்தது மூன்று தட்டாவது எண்ணிச் சராசரி எடுக்கவும். பாட்டிலைக் குலுக்காமல் மேலிருந்து உறிஞ்சினால் அடியில் படிந்த சைடோரிட் எதுவும் வராது.

பெயர் வைக்கும்போது நிதானம் வேண்டும். குடும்பம் வரைக்கும் சுலபம்: நீந்த உதவும் இரண்டாம் உணர்கொம்பின் இரு கிளைகளிலும் மூன்று மூன்று கணு, முகம் அலகு போல நீண்டிருந்தால் சைடோரிட். யானைத் துதிக்கை வடிவில், ஆனால் அசையாத முன்கொம்பு (முதல் உணர்கொம்பு) என்றால் பாஸ்மினா. முகத்தின் அடியிலிருந்து நீண்ட, அசையும் முன்கொம்பு என்றால் மொய்னா. சிற்றினத்துக்குப் போக, கிளிசரினில் வைத்து இன்சுலின் ஊசி முனையால் ஓட்டைப் பிரித்து, பின்வயிற்றின் பல்லையும் வால்நகத்தையும் பார்த்தே ஆக வேண்டும். ஐரோப்பியப் புத்தகப் படத்தோடு பொருத்தி, வட்டமாக இருந்தால் சைடோரஸ் ஸ்பேரிகஸ் என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடலாம். ஒரே வகை உலகம் முழுக்க இருக்கிறது என்ற பழைய நம்பிக்கையை ஃப்ரை என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களிலேயே உடைத்துவிட்டார். அந்தப் பெயருக்குள் பல சிற்றினங்கள் ஒளிந்திருந்தன. இந்திய வகைகளுக்கு மைக்கேலும் சர்மாவும் எழுதி இந்திய விலங்கியல் அளவைத் துறை 1988இல் வெளியிட்ட நூல் தொடக்கத்துக்கு நல்லது, ஆனால் அதற்குப் பின் பல பெயர்கள் மாறிவிட்டன. உறுதியில்லையா, அலோனா என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தப்பான சிற்றினப் பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

ஏரி காய்ந்துவிட்டால் வேலை நின்றுவிடாது. தெள்ளுகள் நெருக்கமாகி, சாப்பாடு குறைந்து, தண்ணீர் சுருங்கும்போது, அதுவரை ஆணே இல்லாமல் குட்டி போட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஆணையும் உண்டாக்கி, கூடி, உறங்கு முட்டை இடும். டாப்னியாவுக்கு அது உளுந்துத் தோல் துணுக்கு போன்ற கறுப்புப் பேழை, உள்ளே இரண்டு முட்டை. மொய்னா மைக்ரூராவுக்கு ஒன்று. காற்றடிக்கும் கரையில் கறுப்புப் பொடியாக ஒதுங்கிக் கிடக்கும். ஆனால் டயாபனோசோமாவுக்குப் பேழையே கிடையாது, முட்டையைச் சும்மா சேற்றில் விட்டுவிடும். மிதப்பதை மட்டும் அள்ளினால் அது தப்பிவிடும். சார்ஸ் என்ற நார்வேக்காரர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த காய்ந்த சேற்றை நார்வேயில் தண்ணீரில் போட்டுப் பொரிக்கவைத்துத்தான் 1885இல் பல புது வகைகளை விவரித்தார். டாப்னியா லம்ஹோல்ட்சியும் செரியோடாப்னியா கார்னூட்டாவும் அந்தச் சேற்றில் பிறந்தவைதான்.

அதை நாமும் செய்யலாம். வைகாசியில் காய்ந்த ஏரியில் மதகுப் பள்ளம், நடு, கரை என்று ஐந்து இடத்தில் மேல்மண்ணை மட்டும் இரண்டு சென்டிமீட்டர் சுரண்டி, நிழலில் உலர்த்தி, காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும். 50 கிராம் மண்ணை அகலமான தொட்டியில் போட்டு மூன்று லிட்டர் மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ விட்டு, வெளிச்சம் படும் ஜன்னலோரம் வைக்கவும். உப்புக் குறைந்த நீரும் வெளிச்சமும்தான் பொரிக்கத் தூண்டுபவை. போர்வெல் தண்ணீரின் உப்பில் பல பொரிக்காமலே கிடக்கும், குளோரின் கலந்த குழாய்த்தண்ணீரில் பொரித்தது செத்துப்போகும். மூன்றாம் நாளிலிருந்து தினமும் டார்ச் அடித்துப் பாருங்கள். பொரித்தவற்றுக்குப் பாசி வளர்ந்த பச்சைத் தண்ணீர் சில சொட்டு. ஈஸ்ட் போட்டால் ஒரு சிட்டிகைக்கும் குறைவாக, தண்ணீர் பால் போல வெளுத்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். மொய்னா சிவப்பாக மாறினால் பிராணவாயு குறைகிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் கூட்டித் தாக்குப்பிடிக்கப் பார்க்கிறது, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்குப் பின் அதே மண்ணை மறுபடி காயவைத்து மறுபடி நனைத்தால் முதல் முறை எழாதவை எழும். எல்லா முட்டையும் ஒரே மழையை நம்பி எழுந்துவிடுவதில்லை.

பொரிக்கவே இல்லை என்றால் மண் எடுத்த இடத்தைப் பாருங்கள். நெல் வயலை ஒட்டிய வாய்க்கால் முகத்துச் சேறாக இருந்தால் பூச்சிமருந்துச் சந்தேகம் வரும். குளோர்பைரிஃபாஸ் போன்ற மருந்து லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தாலே டாப்னியா சாகும், நச்சுச் சோதனைக்கு உலகமே இந்த இனத்தை வைத்துக்கொள்வதும் அதனால்தான். அதே ஏரியின் நடுப்பள்ளத்து மண்ணைப் பக்கத்தில் இன்னொரு தொட்டியில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இரண்டு தொட்டிக்கும் ஒரே கரண்டியைப் பயன்படுத்தாதீர்கள். பாட்டிலுக்குள் போடும் சீட்டை டிரேசிங் பேப்பரில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஒரே இரவில் கரைந்துவிடும். ஏரி, தேதி, நேரம், செடியா சேறா திறந்த நீரா, எத்தனை லிட்டர், எந்தக் கண் வலை, இவ்வளவும் அந்தச் சீட்டில் இருக்கட்டும்.